வீட்டுத் தோட்டத்துக் களைகளை இயற்கை முறையில் கட்டுப்படுத்துதல்: கோடை முதல் அடைமழை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும்; கத்தரியும் வெண்டையும் நட்ட பாத்தியில் பயிர் எது, களை எது என்று குனிந்து தேட வேண்டிய நிலை வந்துவிடும். அந்தக் களைகளின் விதைகள் ஏற்கெனவே மண்ணுக்குள் கிடந்தவைதாம். பல களை விதைகள் வெளிச்சம் படும்வரை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, நாம் மண்ணைக் கொத்திப் புரட்டியவுடன் மேலே வந்து முளைக்கின்றன. ஆகவே, முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டே இருப்பதைக் காட்டிலும், புதிய விதை மண்ணில் விழாமல் தடுப்பதும், நிலத்தடிக் கிழங்குகளை வெளிச்சமின்றிப் பட்டினி போடுவதுமே நிலையான பலன் தரும். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் முறைகளில் பலவும் இந்த இரண்டையோ, மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதையைக் குறைப்பதையோ நோக்கமாகக் கொண்டவையே.

ஓரிரு சென்ட் நிலத்தில், கை எட்டும் தூரத்தில் பாத்திகள் இருக்கும் வீட்டுத் தோட்டத்துக்குக் களைக்கொல்லி தேவையே இல்லை என்பது என் துணிபு. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு பிறப்பித்தது. அப்படிப்பட்ட ஒன்றைக் கீரைப் பாத்தியின் ஓரத்தில் தெளிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

முதல் படி: களை எப்படிப் பெருகுகிறது என்று பார்த்தல்

களையின் பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை. அது எந்த வழியில் பெருகுகிறது என்பதை அறிந்தாக வேண்டும். ஒரு செடியைச் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, வேரோடு மெதுவாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

வேர் மட்டுமே இருந்தால் அது விதையால் பெருகும் செடியாகும். குப்பைமேனி, நாயுருவி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, நாய்வேளை, தும்பை, பார்த்தீனியம், சாரணை போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பூக்கும் முன் அகற்றினால் அந்தச் செடியின் கதை அத்துடன் முடிந்துவிடும்.

வேரோடு கருமையான சிறு கிழங்குகள் கோர்த்தாற்போல வந்தால் அது கோரை. மண்ணுக்கு மேலும் கீழும் கணுக்கணுவாகத் தண்டு ஓடினால் அது அருகம்புல். இவற்றின் இலையை எத்தனை முறை வெட்டினாலும், அடியில் இருப்பது மீண்டும் தளிர்க்கும்.

மூன்றாம் வகை, தண்டுத் துண்டால் பெருகுவது. கானாவாழையும் பருப்புக்கீரையும் இதில் அடங்கும். பிடுங்கிப் பாத்தியின் ஓரத்திலேயே போட்டால், ஈரம் பட்டதும் துண்டுகள் மீண்டும் வேர்விடும். கானாவாழை மண்ணுக்கு அடியிலும் பூத்து விதை வைக்கக்கூடியது. பருப்புக்கீரையோ பிடுங்கிப் போட்ட பிறகும் தன் சாற்றைக் கொண்டே விதைகளை முற்றவைத்துவிடும். ஆகவே, இவற்றைக் கொத்தித் துண்டாக்குவதைவிட முழுதாக எடுத்துக் கூடையில் போடுவதே நல்லது.

இரண்டாம் படி: கோடையில் மண்ணைக் காயவிடுதலும் வெயிலில் வேகவிடுதலும்

களை வேலைக்கு மிகச் சிறந்த காலம், பலரும் தோட்டத்தை மறந்திருக்கும் சித்திரையும் வைகாசியும்தான். பாத்தி காலியாக இருக்கும் அந்நாட்களில் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கடப்பாரையாலோ முள் மண்வெட்டியாலோ பெரிய கட்டிகளாகப் புரட்டிவிட வேண்டும். கோரைக் கிழங்குகளும் அருகம்புல்லின் தண்டுகளும் பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்ளேயே இருப்பதால், வெயிலில் கிடந்து சுருங்கிச் சாகும். கையில் அகப்படும் கிழங்குகளை அவ்வப்போது பொறுக்கி எடுத்துவிடலாம். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை புரட்டினால் அடியில் தப்பியவையும் மேலே வரும். இடையில் கோடை மழை பெய்துவிட்டால், மண் காய்ந்ததும் மறுபடியும் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஈர மண்ணில் உடைபட்ட கிழங்குகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிடும்.

விதையால் பெருகும் களைகள் மிகுந்த பாத்திக்கு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மண்ணை மூடி வெப்பமேற்றும் முறை நல்ல பலன் தரும். இஸ்ரேலில் ஜாக்கப் கட்டான் என்ற பயிர்நோய் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1976-இல் மண்ணில் வாழும் நோய்க் கிருமிகளுக்கு எதிராக வெளியிட்ட இம்முறை, களை விதைகளையும் அழிப்பதால் உலகெங்கும் பரவியது. செய்முறை எளிது. மண்ணைக் கட்டியில்லாமல் சமப்படுத்தி, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கும்படி நீர் பாய்ச்சி, 25 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள தாளை மண்ணோடு ஒட்டினாற்போல விரித்து, நாற்புறமும் ஓரங்களை மண்ணில் புதைத்துவிட வேண்டும். காற்றிடைவெளி இருந்தால் சூடு குறையும். உலர்ந்த மண்ணைவிட ஈர மண்ணில் வெப்பம் நன்கு கீழிறங்குவதோடு, ஈரம் பட்ட விதை வெப்பத்துக்கு எளிதில் சாவதாலும் நீர் பாய்ச்சுதல் அவசியமாகிறது. நான்கு முதல் ஆறு வாரங்கள் அப்படியே விட்டுவைக்க வேண்டும். கறுப்புத் தாள் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் மண் அந்த அளவுக்குச் சூடேறாது.

தாளை எடுத்த பிறகு மண்ணை ஆழமாகக் கொத்தக் கூடாது. கொத்தினால், வெப்பம் எட்டாத ஆழத்தில் கிடந்த விதைகள் மேலே வந்து, செய்த வேலை அத்தனையும் வீணாகும். நன்மை செய்யும் நுண்ணுயிர்களிலும் ஒரு பகுதி இவ்வெப்பத்தில் குறையும் என்பதால், மேலாக மட்கிய எருவைத் தூவிக் கிளறிவிடுவது நன்று. கோரைக்கு இம்முறை முழுத் தீர்வாகாது.

மூன்றாம் படி: முளைக்கவிட்டு அழித்தல்

பாத்தியைத் தயார் செய்த அன்றே விதைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதற்குப் பதிலாக, ஆடிப்பட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே பாத்தியை அமைத்து, விதை போட்டதாகவே எண்ணி நீர் தெளித்து வர வேண்டும். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் மேல்மண்ணில் உள்ள களை விதைகளில் பெரும்பகுதி முளைத்துவிடும். இரண்டிலைப் பருவத்தில் இருக்கும் அவற்றை, வெயில் ஏறிய நேரத்தில் களைக்கொத்தால் மண்ணின் மேல் தோலை மட்டும் சுரண்டுவதுபோல் சுரண்டி வெட்டிவிட்டு, பிறகு விதைக்கலாம் அல்லது நாற்று நடலாம். நேரம் இருந்தால் இதை இருமுறை செய்யலாம்.

கீரை, வெங்காயம், கேரட், கொத்தமல்லி ஆகியவற்றுக்கு இந்தப் படியைத் தவறவிடவே கூடாது என்பேன். இவற்றுள் பல மெதுவாக எழுவன, எல்லாமே நெருக்கமாக விதைக்கப்படுவன. ஆதலால் முளைத்த பின் இடையில் களை எடுப்பது பயிரையும் சேர்த்துப் பிடுங்குவதில்தான் முடியும்.

நான்காம் படி: வெளியிலிருந்து வரும் விதைகளைத் தடுத்தல்

பல தோட்டங்களில் களையை விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். மட்காத மாட்டுச் சாணத்தில் மாடு தின்ற புல்லின் விதைகள் சேதமின்றி இருக்கும்; ஆட்டு எரு வழியாகச் சீமைக்கருவேல விதைகள் வருவது ஊரறிந்த செய்தி. எரு மட்கும்போது குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சில நாட்கள் சூடேறினால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். ஆனால், குவியலின் ஓரங்கள் அவ்வளவு சூடாவதில்லை. எனவே ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி இரண்டு மூன்று முறை புரட்டிப் போட வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை இன்றி, தேயிலைத் தூள்போல் உதிரும் எருவையே பாத்திக்கு இட வேண்டும்.

லாரியில் வரும் செம்மண்ணும் நாற்றுப் பண்ணையில் வாங்கும் பூச்செடியின் பையும் கோரைக் கிழங்கைச் சுமந்து வரக்கூடும். மாடித் தோட்டத்துத் தொட்டிகளில் கோரை ஏறுவது பெரும்பாலும் இவ்வழியில்தான். புதிதாக வந்த செடியை இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனிப்பதும், வாங்கிய மண்ணை ஒருமுறை நனைத்து என்ன முளைக்கிறது என்று பார்ப்பதும் பிற்பாடு வரும் பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.

ஐந்தாம் படி: முதல் நாற்பது நாட்கள்

காய்கறிப் பயிர்களில் களையால் ஏற்படும் விளைச்சல் இழப்பின் பெரும்பகுதி, நட்ட முதல் முப்பது நாற்பது நாளுக்குள் நேர்வதாகும். அதன் பிறகு கத்தரி, தக்காளி, வெண்டை போன்றவை கிளைத்துத் தம் நிழலால் தாமே களையை அடக்கிக்கொள்ளும். ஆகவே, ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் களை எடுப்பதைவிட, இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை தவறாமல் பாத்தியில் இறங்குவதே மேலானது. வெங்காயமும் பூண்டும் மட்டும் விதிவிலக்கு. குறுகி நிமிர்ந்து நிற்கும் அவற்றின் இலை நிழல் தராததால், அறுவடை நெருங்கும்வரை கவனிக்க வேண்டியிருக்கும்.

களை எடுக்கும் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கையால் பிடுங்குவதும் கருவியால் கொத்துவதும் வெவ்வேறு ஈரப்பதத்தைக் கேட்கும் வேலைகள். பிடுங்க வேண்டுமானால் மழைக்கோ பாசனத்துக்கோ மறுநாள், மண் இளகியிருக்கும்போது, தண்டின் அடியைப் பற்றி மெதுவாக இழுத்தால் வேர் அறாமல் வரும். கொத்துவதாக இருந்தால் மேல்மண் உலர்ந்து, வெயில் நன்கு அடிக்கும் முற்பகலில் கொத்த வேண்டும். வெட்டுப்பட்ட இளங்களைகள் அன்று மாலைக்குள் வாடிவிடும். ஈர மண்ணில் கொத்தினால் களையை இடம் மாற்றி நட்டதாகவே ஆகும். கொத்தும் ஆழம் ஒரு விரற்கடை அல்லது இரண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆழமாகக் கொத்தினால் பயிரின் மேல்வேர்கள் அறுவதோடு, உறங்கும் விதைகளும் எழுப்பப்படும். கருவியின் வாயைத் தீட்டி வைத்திருப்பது வேலையைப் பாதியாக்கும்.

நீர் பாய்ச்சும் முறையும் களையைத் தீர்மானிக்கிறது. குழாயால் பாத்தி முழுவதையும் நனைத்தால், பயிருக்கு இடையில் உள்ள வெற்றிடத்துக்கும் சேர்த்து நீர் ஊற்றி வளர்க்கிறோம் என்பதே பொருள். சொட்டுநீர்க் குழாயோ, செடியின் தூரில் மட்டும் ஊற்றும் பழக்கமோ இருந்தால் மழையில்லாக் காலத்தில் இடைவெளிகள் உலர்ந்தே கிடக்கும். செடிகளுக்கு இடையே வெறும் மண் தெரியாதபடி இடைப்பயிர் இடுவதும் உதவும்: கத்தரிக்கு இடையில் முள்ளங்கியோ கீரையோ விதைத்தால், கத்தரி பரவுவதற்குள் அவை அறுவடையாகிவிடும்.

ஆறாம் படி: மூடாக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்று ஒருவர் சொன்னால், மூடாக்கையே, அதாவது சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடிவைப்பதையே, சொல்வேன். வெளிச்சம் இல்லாமல் விதை முளைக்காமலோ, முளைத்ததும் மேலே வரச் சக்தியின்றியோ போகும். கோடையில் மண்ணின் ஈரம் காக்கப்படும். மட்கியபின் அதுவே எருவாகும்.

முதலில் இருக்கும் களையை அகற்றி, நீர் பாய்ச்சி, அதன்பின் மூடாக்கை இட வேண்டும். உலர்ந்த பொருளானால் மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்கு, அதாவது 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை போட்டால்தான் வெளிச்சம் தடுக்கப்படும்; மெல்லிதாகத் தூவுவதால் பயனில்லை. சருகு மட்கித் தாழ்ந்துகொண்டே போகும் என்பதால் ஒரு பருவத்தில் இரண்டு முறையாவது மேலும் சேர்க்க வேண்டியிருக்கும். செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். தண்டோடு ஒட்டிக் குவித்தால் மழைக்காலத்தில் தூர் அழுகும்.

எதை இடுவது என்பது ஊரைப் பொறுத்தது. தென்னை உள்ள இடத்தில் நறுக்கிய மட்டையும் கீற்றும், கரும்பு விளையும் பகுதியில் சோகையும், கடற்கரையோரத்தில் சவுக்குச் சருகும், வாழை வைத்திருப்போருக்கு அதன் காய்ந்த சருகும் பட்டையும் எளிதில் கிடைக்கும். வைக்கோலில் தங்கிய நெல் முளைக்கும். ஆனால் அதைப் பிடுங்குவது எளிது என்பதால் தயங்க வேண்டியதில்லை. பச்சைப் புல்லை வெட்டிப் போடுவதானால் பூக்கும் முன் வெட்டி, ஒருநாள் உலர்த்தி, மெல்லிய அடுக்குகளாக இட வேண்டும். கனமாகப் போட்டால் குழைந்து நாற்றமெடுக்கும். தைலமர இலையில் உள்ள பொருட்கள் இளநாற்றின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பதால், அதைப் பாதைகளில் மட்டும் போடலாம். புதிய தென்னை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புப் பொருட்களும் மிகுந்திருக்கும். பலமுறை கழுவியோ மட்கவைத்தோதான் பயன்படுத்த வேண்டும். உலர்ந்த சருகு எதுவானாலும் மண்ணின் மேலேயே கிடக்கட்டும். மண்ணோடு கலந்துவிட்டால், அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும்.

களை மண்டிய புது இடத்தில் பாத்தி அமைப்போர், களையைத் தரையோடு அறுத்து, நீர் பாய்ச்சி, அதன்மேல் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பலாம். ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் முன்பே நீக்கிவிட வேண்டும். பளபளப்பான பூச்சுள்ள அட்டை மட்காது. அட்டை கிடைக்காவிடில் செய்தித்தாள் ஏழெட்டுத் தாள் கனத்தில் போதும். அதை நனைத்து, மேலே மட்கு எருவும் சருகும் இட்டு, துளையிட்டு நாற்று நடலாம்.

மூடாக்குக்கும் தொல்லைகள் உண்டு. வறண்ட சருகைக் கரையான் தேடி வரும். அது பெரும்பாலும் காய்ந்ததையே தின்னும் என்றாலும், மரத்தண்டையும் வீட்டுச் சுவரையும் ஒட்டி மூடாக்கு இடாதிருப்பது நல்லது. அடைமழையில் நத்தைகள் அடியில் ஒதுங்கும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதும், அந்நாட்களில் மூடாக்கைச் சற்றுக் குறைப்பதும் போதும். நெகிழித் துணி விரிப்பைப் பாத்தியில் போடுவதை நான் விரும்புவதில்லை. அதன்மேல் சேரும் தூசியிலேயே களை முளைத்து, வேர்கள் இழைகளுக்குள் புகுந்து, பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது.

ஏழாம் படி: கோரையும் அருகும்

கோரை மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். நெகிழித் தாளையே துளைக்கும் கூர்மை அதன் முளைக்கு உண்டு. அதனால் அதற்குத் தனி உபாயம் வேண்டும். கோரைக்கும் அருகுக்கும் ஒரே பெருங்குறை, நிழலில் வளர இயலாமை. அந்தக் குறையைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும்.

கோரையின் முளை ஐந்தாறு இலை விடுமுன், கிழங்கில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்தே வளர்கிறது; அதற்குப் பின்னர்தான் இலையில் உருவான உணவு கீழிறங்கிப் புதுக் கிழங்குகள் உண்டாகத் தொடங்குகின்றன. எனவே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அது தழைக்கும் முன்பே தரைக்குக் கீழே சற்று ஆழத்தில் அறுத்துக்கொண்டே வந்தால் கிழங்கு படிப்படியாக வலுவிழக்கும். இடையில் ஒரு மாதம் விட்டுவிட்டால் மறுபடியும் தொடக்கத்திலிருந்துதான். ஒரே பருவத்தில் இது தீராது. இரண்டு மூன்று பருவம் தொடர வேண்டும்.

இதனோடு நிழற்பயிரையும் சேர்த்தால் வேலை குறையும். கோரை மிகுந்த பாத்தியில் காய்கறியை நிறுத்திவிட்டு, தட்டைப்பயறோ சணப்பையோ தக்கைப்பூண்டோ நெருக்கமாக விதைத்து, 40 முதல் 45 நாளில் பூவெடுக்கும் தறுவாயில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம். அடுத்த பருவத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியோ பூசணியோ ஏற்றினால் தரை முழுவதும் மூடப்படும். அருகம்புல் பாத்திக்குள் வருவது பெரும்பாலும் வரப்பிலிருந்தும் பாதையிலிருந்தும்தான். பாத்தியைச் சுற்றிச் செங்கல்லையோ கூரை ஓடுகளையோ ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்து வைத்தால் அதன் ஓட்டம் பெரிதும் தடைபடும்.

எட்டாம் படி: பார்த்தீனியம்

1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இச்செடி, ஒன்றே 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது. தோல் அரிப்பு, தும்மல், மூச்சிரைப்பு ஆகியவற்றை உண்டாக்குவதால் வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அணிந்து, வெள்ளைப் பூ தோன்றும் முன் மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே உத்தமம். இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டு, பின் பல பகுதிகளில் நிலைபெற்றது. மழைக்காலத்தில் இலைகள் அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் அந்த வண்டுகளை அழிக்காமல் விடவும். பக்கத்துக் காலி மனையிலிருந்து விதை பறந்து வருமானால், வேலியோரத்தில் ஆவாரையையோ துலுக்கச் செவ்வந்தியையோ நெருக்கமாக வளர்ப்பது பார்த்தீனியம் கால்கொள்ளும் இடத்தைக் குறைக்கும்.

வினிகர், உப்பு, கொதிநீர்

இணையத்தில் பெரிதும் புகழப்படும் இம்மூன்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமையல் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் 4 முதல் 5 விழுக்காடுதான்; அது இளங்களையின் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. பயிரின் இலையில் பட்டால் அதையும் கருக்கும். உப்பு களையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது மண்ணிலேயே தங்கி அடுத்து நடும் செடியையும் வாட்டுவதால், பாத்திக்கு அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. ஏற்கெனவே உவர்நீர் பாயும் தோட்டங்களுக்கு இது இன்னும் கேடாகும். கொதிநீர் மட்டும் பயனுள்ளது: வாசல் தளத்தின் இடுக்குகளிலும் சுவரோரத்திலும் முளைப்பவற்றின் மேல் ஊற்றினால் இரண்டொரு முறையில் அடங்கிவிடும்.

இறுதிப் படி: பறித்த களையை என்ன செய்வது

விதையால் மட்டுமே பெருகும் களையைப் பூக்கும் முன் பறித்திருந்தால், அதை அங்கேயே வேர் மேலே இருக்கும்படி மூடாக்கின் மீது போட்டுவிடலாம். அதற்கு முன், சமையலுக்கு ஆவதைப் பிரித்துக்கொள்வது கிராமத்துப் பெண்கள் எப்போதும் செய்துவருவதுதான். பருப்புக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, பண்ணைக்கீரை ஆகியவை பருப்போடு கடைவதற்கும் பொரிப்பதற்கும் ஏற்றவை. தெரிந்த செடியை மட்டுமே சமைக்க வேண்டும். பருப்புக்கீரையோடு குழப்பிக்கொள்ளக்கூடிய சித்திரப்பாலாடை போன்ற தரைபடரும் செடிகள் கிள்ளினால் பால் வடிக்கும், பருப்புக்கீரை வடிக்காது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், ஆக்சலேட் மிகுந்த பருப்புக்கீரையை அளவோடு உண்ண வேண்டும். சாக்கடை நீர் பாயும் இடத்தில் முளைத்ததைத் தொட வேண்டாம்.

கோரைக் கிழங்கு, அருகம்புல் தண்டு, கானாவாழை ஆகியவற்றைச் சிமெண்டுத் தளத்திலோ தகரத்திலோ பரப்பி, கையில் நொறுங்கும்வரை காயவைத்த பிறகே மட்குக் குழிக்கு அனுப்ப வேண்டும். விதை முற்றிய களைகளையும் காயாத கிழங்குகளையும் ஒரு டிரம்மில் இட்டு, மூழ்கும்படி நீர் ஊற்றி, கல் வைத்து அமிழ்த்தி, மூன்று நான்கு வாரம் அழுகவிடலாம். வாயைத் துணியால் இறுகக் கட்டாவிட்டால் கொசு பெருக இடமாகிவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும் என்பதால் சமையலறைச் சன்னலுக்குத் தள்ளி வைப்பது நல்லது. வடித்த நீரில் பத்து மடங்கு நல்ல நீர் கலந்து வாழைக்கும் முருங்கைக்கும் தூரில் ஊற்றலாம். கீரைக்கு ஊற்ற வேண்டாம். அடியில் மிஞ்சும் சக்கையில் விதைகள் சில உயிரோடு இருக்கக்கூடும். அதைப் பாத்திக்குக் கொண்டுவராமல், தென்னையைச் சுற்றிக் குழிவெட்டி ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.